கதவைத் தொட்ட கம்பளிப்பூச்சி

அந்த வருடம் என் வகுப்புச் சுவரில் முப்பத்திரண்டு கம்பளிப்பூச்சிகள் ஊர்ந்தன. எல்லாம் அட்டைதான். என் டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்த வட்டங்கள். முதல் வட்டத்தில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்தால் அது தலை. பிள்ளை ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்கும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் சேரும். அதில் புத்தகத்தின் பெயரை அந்தப் பிள்ளையே எழுத வேண்டும்.

அட்டைக்குப் பஞ்சமில்லை. என் கணவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறார். டைரி அட்டை, நோட்டு அட்டை என்று வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சனிக்கிழமைதோறும் ஒரு பையில் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டுவார். பதினெட்டு வருடமாக இரண்டாம் வகுப்பையே தாண்டாத ஒரே ஆள் நீதான் என்று கிண்டல் செய்துகொண்டே அவரும் என்னோடு உட்கார்ந்து வட்டம் வெட்டுவார். அவர் வெட்டினால் வட்டம் வட்டமாக இருக்கும். நான் வெட்டினால் உருளைக்கிழங்கு.

வட்டம் சும்மா கிடைக்காது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க வேண்டும். கதையில் வரும் ஏதாவது ஒன்றைக் கையால் செய்துகொண்டு வர வேண்டும். தீப்பெட்டியில் வீடு, முட்டை அட்டையில் முதலை, பழைய காலுறையில் பாம்பு, எதுவானாலும் சரி. அப்புறம் ஜன்னலோரம் விரித்திருக்கும் பாயில் என் எதிரே உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும். நான் மூன்று கேள்வி கேட்பேன். மூன்றுக்கும் பதில் வந்தால் வட்டம். வராவிட்டால் திட்ட மாட்டேன். "பரவால்ல, யோசிச்சு நாளைக்குச் சொல்லு" என்று அனுப்பிவிடுவேன். இந்தச் சட்டங்களைப் போட்டவள் நான். மீறியவளும் நான்தான், பிள்ளைகள் இல்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, ஆனாலும் வாய் ஓயாது. காலையில் வாசலில் பையைக் கழற்றும்போது ஆரம்பித்தால் மாலை மணி அடிக்கும்வரை ஒலிபரப்புதான். நான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தேன். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள். அப்பா லாரி ஓட்டப் போய் மாதம் ஒரு முறை வருகிறவர். அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். வீட்டில் மூன்று வயதில் ஒரு தம்பி. தம்பிக்குச் சளி, தம்பிக்குப் புதுச் செருப்பு, தம்பி பேனாவை விழுங்கப் பார்த்தான் என்று அந்த வீட்டுச் செய்தி முழுக்க எனக்கு அத்துப்படி.

கைவேலையில் அவளை அடிக்க ஆளில்லை. மற்ற பிள்ளைகள் கொண்டுவருவதில் பாதி அம்மாமார் கைவரிசை என்று பார்த்ததுமே தெரியும். பசைகூட ஓரம் வழியாமல் இருக்கும். இவள் கொண்டுவருவது முழுக்க இவளுடையது. சலவைக்கூடத்துக் கம்பி ஹேங்கரை வளைத்து ஒரு கொக்கு செய்தாள். சட்டைப் பொத்தான்களைக் கோத்து ஒரு ரயில் செய்தாள், அது ஓடவும் ஓடியது. அதைப் பாயில் வைத்துக்கொண்டு அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள்கூடச் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நான் மூன்று கேள்வி கேட்பேன் என்று சொன்னேன் அல்லவா? அவளிடம் கேட்டதே குறைவு. ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் வருகைப் பதிவேடு, காதில் அவள் கதை. சுவாரசியமாக இருந்தது, வட்டத்தைக் கொடுத்துவிட்டேன். இப்படியே இருபத்தாறு வட்டம்.

ஒன்றே ஒன்று என் கண்ணில் பட்டிருந்தது. வட்டத்தில் புத்தகத்தின் பெயரை எழுதும்போது அவள் எழுத்துக்கு மேலே வரவேண்டிய புள்ளியை முதலில் வைத்துவிடுவாள். அப்புறம் அதற்குக் கீழே எழுத்தை வரைவாள். பொத்தானை வைத்துவிட்டுச் சட்டையைத் தைக்கிற மாதிரி. அட்டையைப் பார்த்து அச்சு அசலாக அப்படியே வரைந்துவிடுவாள், ஒரு கோடு பிசகாது. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறவளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வியாழக்கிழமை, மணியைத் தொலைத்த ஆட்டைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். கையில் அட்டைப் படகு, அதற்குத் தீக்குச்சித் துடுப்பு. ஆடு அந்தப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து, மரமெல்லாம் மணி காய்க்கிற ஒரு ஊருக்குப் போகிறது என்று ஆரம்பித்தாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அந்தப் புத்தகத்தில் படகும் கிடையாது, ஆறும் கிடையாது. ஒரு பக்கத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டை ஒன்று வரைந்திருக்கும், அவ்வளவுதான்.

புத்தகத்தைத் திறந்து, ஒரு கதவின் படத்துக்குக் கீழே இருந்த வார்த்தையில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். "கதவு" என்றாள், சட்டென்று. அங்கே இருந்தது 'பூட்டு.' அடுத்த வார்த்தையில் விரலை வைத்தேன். படத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாவற்றிலும் என் முகத்திலிருந்துதான் பதிலைத் தேடினாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாது. இருபத்தாறு புத்தகத்துக்கும் படத்தைப் பார்த்து இவளாகவே கதை கட்டியிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து வகுப்புக் கதவு திறந்தது. தலைமையாசிரியை, பின்னால் வேறு பள்ளிகளிலிருந்து வந்த நான்கு ஆசிரியைகள். என் கம்பளிப்பூச்சிகளைப் பற்றித் தலைமையாசிரியை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வகுப்புகளுக்கெல்லாம், போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வேறு. உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. பதினெட்டு வருடத்தில் யாரும் என் வகுப்பை எட்டிப் பார்த்ததில்லை.

ரேடியோவின் கம்பளிப்பூச்சி ஜன்னலில் தொடங்கி, அலமாரியைத் தாண்டி, கதவு வரை வந்திருந்தது. கதவு நிலைக்கும் கடைசி வட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு வட்டத்துக்கு இடம் இருந்தது. விருந்தாளிகளில் ஒருவர் அதைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் பாயிலிருந்து எழுந்தேன். மடியில் இருந்த மஞ்சள் வட்டத்தை எடுத்து அந்தக் குழந்தையிடம் நீட்டினேன். "இதோ, இவளோடதுதான். இன்னிக்குக் கதவைத் தொடப்போகுது" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். ரேடியோ பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதலில் புள்ளியை வைத்தாள்.

அன்று சாயங்காலம் நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் பத்து நிமிடம் உட்கார வைத்து நானே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்திருந்தன. நான்காம் நாள் தலைவலி. அதோடு அந்தப் பத்து நிமிடம் செத்துப்போயிற்று. வட்டம் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

அதுகூடப் போகட்டும். எங்கள் பள்ளியில் வாசிப்பு உதவி டீச்சர் ஒருவர் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் வருவார். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில், ஒரு வகுப்புக்கு ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுப்பார். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எந்தப் பிள்ளையை அனுப்புவது என்பதற்கு நாங்கள் எளிதாக ஒரு வழி வைத்திருந்தோம்: கம்பளிப்பூச்சியில் ஆறு வட்டத்துக்குக் குறைவாக இருக்கிற பிள்ளைகள். அடுத்த வாரமே அக்கா சுவரருகே நின்று வட்டங்களை எண்ணிப் பட்டியல் எழுதினார். நான்கு பேர் தேறினார்கள்.

"ஐந்தாவது இடம் காலியா இருக்கு. உனக்கு வேற யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார்.

கையில் பேனாவோடு என்னைப் பார்த்தபடி நின்றார். ரேடியோ மூன்றாவது வரிசையில் யாருக்கோ தம்பி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அக்கா சுவரைப் பார்ப்பார். கதவைத் தொட்டு, அதற்குள் நிலையில் மேலே ஏறவும் தொடங்கியிருந்த அந்தக் கம்பளிப்பூச்சியைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார்.

"இல்லக்கா" என்றேன்.

ஐந்தாவது இடம் பக்கத்து வகுப்புக்குப் போயிற்று. அந்த ஒற்றைச் சொல்லை நான் எத்தனையோ முறை மனதுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் வட்டம் கொடுத்தது அலட்சியம். மன்னிக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். இது அப்படி இல்லை. அந்தக் குழந்தைக்கு வரவேண்டிய ஒரு நாற்காலியை நான் தெரிந்தே தள்ளிவிட்டேன், என் மூக்கு அறுபடக்கூடாது என்பதற்காக.

வருடக் கடைசியில் வாசிப்பு நாள் வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் நீளமான கம்பளிப்பூச்சி யாருடையதோ அந்தப் பிள்ளை, பெற்றோர் முன்னால் மேடையில் ஒரு புத்தகத்திலிருந்து படித்துக் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை அறிவித்தார். என் வகுப்புக்கு யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ரேடியோவின் பூச்சி அதற்குள் நிலையைச் சுற்றி வளைந்து மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இரண்டு இரவு சரியாகத் தூங்காமல் புரண்டேன். என் கணவர் என்ன என்று கேட்டதற்கு, பல்வலி என்றேன். மூன்றாம் நாள் தலைமையாசிரியையிடம் போய், புத்தகத்தை நானே தேர்ந்தெடுக்கிறேன் மேடம் என்று அனுமதி வாங்கினேன். குடை தேடி அலையும் ஒரு நத்தையைப் பற்றிய புத்தகம். இரண்டு பக்கம், பன்னிரண்டு வரி.

பல் தேய்ப்பது மாதிரி ஒழுங்காக ஒரு வாரம் பழக்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு, முதல் வரியை நான் சொல்ல, அவள் சொல்ல, இரண்டாவது வரியை நான் சொல்ல, அவள் சொல்ல. 'நத்தைக்கு மழை பிடிக்கும், ஆனால் நனையப் பிடிக்காது.' அவளுக்கு அந்த வரி பிடித்துப்போய் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டே நாளில் பன்னிரண்டு வரியும் மனப்பாடம். அவளை உட்கார வைத்துப் பத்து நிமிடம் எழுத்து சொல்லித்தர எனக்கு வருடம் முழுக்க நேரம் கிடைக்கவில்லை, இதற்கு மட்டும் நேரம் எங்கிருந்தோ வந்துவிட்டது.

மனப்பாடம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஒப்பிக்கிற பிள்ளையின் கண் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும், எந்த டீச்சரும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வரிக்குக் கீழே விரலை எவ்வளவு வேகத்தில் நகர்த்த வேண்டும், எங்கே பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று பழக்கினேன். அதோடும் நிறுத்தவில்லை. எங்கேயும் தடுமாறாமல் படித்தால் சந்தேகம் வரும் என்று, 'அவசர அவசரமாக' என்ற வார்த்தையில் கொஞ்சம் திக்கச் சொல்லிக்கொடுத்தேன். "அவ... சர... அவசரமாக" என்று அவள் அழகாகத் திக்கினாள். நான் "சபாஷ்" என்றேன். அந்தக் குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் தன்னோடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறார் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வாசிப்பு நாள் அன்று கூடத்தில் நாற்காலிகள் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மைக் உயரமாக இருந்ததால் அவளை ஒரு ஸ்டூலில் ஏற்றினார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளங்கை ஈரமாகி, பிடித்திருந்த திரைத் துணியில் அச்சு விழுந்தது. அவள் விரல் வரிக்குக் கீழே சரியான வேகத்தில் நகர்ந்தது. சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். "அவ... சர..." என்று திக்கியபோது முன்வரிசையில் யாரோ ஒரு தாய் "பாவம்" என்று உருகினார். முடித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வாசிப்பு உதவி அக்கா என் தோளைத் தட்டி, நல்லா கொண்டுவந்திருக்க என்றார்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பெற்றோர்கள் வகுப்பறைக்கு வந்து சுவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனபின் ரேடியோவின் அம்மா மட்டும் நின்றார். வேலையிலிருந்து இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார்; மணிக்கட்டில் பழைய இஸ்திரிச் சூட்டுத் தழும்பு, விரல் நுனியெல்லாம் நீராவியில் வெளுத்திருந்தது. இடுப்பில் தம்பி, மூக்கு ஒழுகிக்கொண்டு. அவர் மகளின் கம்பளிப்பூச்சியைத் தலையிலிருந்து வால் வரை நடந்து பார்த்தார், ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டுக்கொண்டே.

"எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும் டீச்சர். துணில கட்டுற டோக்கன் நம்பர். வேற ஒண்ணும் படிக்க வராது" என்றார். "இனிமே எனக்குக் கவலையில்ல. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் இவ இருக்கா."

அப்புறம் பையைத் துழாவி ஒரு மருந்து பாட்டிலை எடுத்தார். தம்பிக்குக் காலையில் மருத்துவமனையில் கொடுத்ததாம். எப்படிக் கொடுப்பது என்று மருந்து கொடுத்தவர் கூட்டத்தில் கடகடவென்று சொன்னது காதில் விழவில்லையாம். பின்னால் வரிசை நின்றதால் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். பாட்டிலில் தாள் ஒட்டியிருந்தது, மகள் படித்துக்கொள்வாள் என்று பேசாமல் வந்துவிட்டாராம். என் முன்னால் படிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் வழிந்தது.

"படி பாப்பா. டீச்சரும் கேக்கட்டும்."

ரேடியோ பாட்டிலை வாங்கினாள். ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவள் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள். நான் பழக்கிய அதே வேகத்தில் நகர்த்தினாள்.

"ஒரு நாளைக்கு... மூ... ணு... மூணு தடவை. மூடி நெறைய ஊத்திக் குடுக்கணும்" என்றாள்.

அந்தத் திக்கல் என்னுடையது. அந்த விரலும் நான் கொடுத்ததுதான். அம்மா அதைக் கேட்டுப் பூரித்துப்போய் எனக்குத் தலையசைத்துவிட்டுப் பாட்டிலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பி பயந்து அழ ஆரம்பித்துவிட்டான். தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது: இரவில் மட்டும், அரை மூடி.

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்டி மாத்திச் சொன்ன?" என்றார்.

ரேடியோ என் பக்கம் திரும்பினாள். என்னிடம்தான் சொன்னாள், குறை சொல்கிற குரலில்கூட இல்லை, ஏதோ நான் மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்துவது போல:

"டீச்சர், இதை நாம பழகவே இல்லையே."

அதற்குமேல் பூசி மெழுக என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தாயை ஒரு சின்ன நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிரே இன்னொரு சின்ன நாற்காலியில் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைப் பார்த்துக் கட்டிய கதைகள், நான் கேட்காமல் விட்ட கேள்விகள், விருந்தாளிகள், காலியாக இருந்த ஐந்தாவது இடம், கதவைச் சாத்திக்கொண்டு பழக்கிய நத்தை. தம்பி அழுது ஓய்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டான். நான் முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"மூணு மாசமா."

அவர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"படிப்பில்லாதவ நான். யாரு எந்தக் காகிதத்த நீட்டி எங்க ரேகை வைக்கச் சொன்னாலும் நம்பித்தான் ஆகணும். இவளுக்கு அந்த நெலம வரக்கூடாதுன்னுதான் டீச்சர் உங்ககிட்ட அனுப்பினேன்."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். திட்டவில்லை. போகும்போது, வழக்கமாகச் சொல்லும் "வர்றேன் டீச்சர்" மட்டும் வரவில்லை.

அன்று மாலையே தலைமையாசிரியையிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. நம்பியபின் கதவைச் சாத்தச் சொன்னார். கைதட்டி முடித்த கை இன்னும் ஆறவில்லை, இதை இப்போது வெளியே சொல்லி என்ன ஆகப்போகிறது, மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் ரகசியமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கேட்கும்போது எனக்கு அது ரொம்பவும் பழக்கமான பேச்சாக இருந்தது; மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். முடியாது மேடம் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அடுத்த வருடம் எனக்கு எந்த வகுப்பு கிடைக்கும் என்று அப்போது தெரியவில்லை, அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

அக்காவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். வருடம் முடிய ஆறு வாரம்தான் இருக்கு, என்ன முடியுமோ பாக்கறேன் என்றார். அன்றைக்கு நான் உன்னைத்தானே கேட்டேன் என்றும் சொன்னார்.

வீட்டில் என் கணவர் அந்த வாரமும் அட்டைத் துண்டுகளைக் கொட்டினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. கத்தரிக்கோலை எடுத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட வா என்றார்.

செவ்வாய்க்கிழமை ரேடியோவை நானே அக்காவின் அறைக்குக் கூட்டிப்போனேன். நடைபாதையில் விளையாட்டு வலைகள் குவிந்துகிடந்தன, அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியெல்லாம் தம்பி கதை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் பேசாமல் வந்தாள். அந்த வாய் ஓய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அறை வாசலில் நின்று என் கையை விட்டாள்.

"டீச்சர், மத்தவங்கல்லாம் மனப்பாடம் பண்ணாமலேயே படிக்கிறாங்களா?"

"ஆமாம்மா."

"எனக்கு அப்படி வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கொஞ்ச நேரம் பென்சில் டப்பாவைத் திறந்து மூடினாள்.

"அப்ப ஏன் டீச்சர் சொல்லல? எல்லாரும் என்னை மாதிரிதான் படிக்கிறாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். இந்த முறை அதில் அவளுக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை. உள்ளேயிருந்து அக்கா அவளைக் கூப்பிட்டார், ரேடியோ என்று இல்லை, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவால்ல டீச்சர்" என்றாள். "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."